தமிழ் கைடு என்றார்கள், வந்தது ஒயிட் போர்டு வண்டி: ஆக்ரா பயணத்துக்கு எங்கே வழக்குப் போடுவது?

கேள்வி: தில்லி மயூர் விஹாரில் இருக்கிறேன். திருநெல்வேலியிலிருந்து வந்த அப்பா, அம்மாவை ஒரு நாள் ஆக்ரா அனுப்ப, கரோல் பாகில் தமிழர் ஒருவர் நடத்தும் டிராவல்ஸில் 16,000 ரூபாய் கட்டினேன். லீவு கிடைக்காததால் நான் போகவில்லை. தாஜ்மகால், ஆக்ரா கோட்டை, ஃபதேபூர் சிக்ரி மூன்றும், தமிழ் பேசும் கைடோடு என்று வாட்ஸ்அப்பில் எழுதித் தந்திருந்தார். வந்த கைடுக்கு இந்தி மட்டும்தான் தெரியும். மதியம் ஒரு பளிங்குக் கடையில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்து, மக்ரானா என்ற உயர்ந்த பளிங்குக் கல் என்று சொல்லி அப்பாவிடம் 34,000 ரூபாய்க்கு ஒரு மேஜைப் பலகையை விற்றுவிட்டார்கள். இங்கே காட்டினால் மாவுக்கல் போலத்தான் தெரிகிறது என்கிறார்கள். சிக்ரிக்குப் போகவே இல்லை. கேட்டதற்கு, “நேரமாயிடுச்சு, பணம் வராது. கேஸ்னா ஆக்ராலதான் போடணும்” என்கிறார். மூன்று வாரம் ஆகிறது. பயணத்தில் எடுத்த படத்தைப் பார்த்தால் வண்டியும் ஒயிட் போர்டு, அதாவது சொந்த உபயோக வண்டி. என்ன செய்யலாம்?

பதில்: ஆக்ராவுக்கு நீங்கள் போகவே வேண்டாம். 2020 ஜூலை 20 முதல் நடப்பில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, தன் 34-ஆவது பிரிவில், புகார் கொடுப்பவர் குடியிருக்கும் இடத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போட இடம் தருகிறது. 1986-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் இந்த வசதி இல்லை. ஆனால் டிராவல்ஸ்காரரின் அலுவலகமே தில்லியில் இருக்கும்போது, பழைய சட்டப்படி பார்த்தாலும் அவர் பேச்சு எடுபடாது. பணம் கட்டியது நீங்கள், பயணம் போனது பெற்றோர். இதை அவர் ஒரு வாதமாக எடுத்தால் கவலைப்பட வேண்டாம். உங்கள் சம்மதத்தோடு சேவையைப் பெற்றவர்களும் சட்டத்தின் கண்ணில் நுகர்வோரே.

உங்கள் வழக்கின் உயிர், என் பார்வையில், விட்டுப்போன சிக்ரி அல்ல. அந்தத் தமிழ் கைடு. இந்தி தெரியாத இரண்டு பெரியவர்கள் தனியாகப் போகிறார்கள் என்பதால்தானே அதைக் கேட்டு வாங்கினீர்கள்? மொழி தெரிந்த ஒருவர் கூட இருந்திருந்தால், கடையில் ‘வேண்டாம், கிளம்பலாம்’ என்று அப்பா சொல்லியிருப்பார். புகாரில் இதை விரிவாக எழுதுங்கள். பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்துக்குள் காசு வாங்கிக்கொண்டு சுற்றிக்காட்ட, தொல்லியல் துறை அதிகாரி தரும் உரிமம் வேண்டும் என்று 1959-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. வந்த கைடின் பெயரையும் உரிம எண்ணையும் டிராவல்ஸுக்கு அனுப்பும் நோட்டீஸில் எழுத்துபூர்வமாகக் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதுவும் உங்களுக்குச் சாதகம்தான்.

‘நேரமாகிவிட்டது’ என்பதற்குப் பதில் அப்பாவின் கைபேசியில் இருக்கும். கடையில் கார்டு போட்ட நேரம் வங்கிக் குறுஞ்செய்தியில் வந்திருக்கும். ஆக்ராவிலிருந்து சிக்ரி ஏறக்குறைய 40 கிலோமீட்டர்; அங்கே சூரியன் மறையும் வரை உள்ளே விடுவார்கள். மதியம் கடையிலிருந்து கிளம்பியிருந்தால் தாராளமாகப் பார்த்திருக்கலாம். அப்படியே நேரம் போதாமல் போயிருந்தாலும், அதைத் தின்றது அவர்கள் கூட்டிப்போன கடை. வாட்ஸ்அப் உரையாடல், யுபிஐ ரசீது, நுழைவுச்சீட்டுகள் எதையும் அழிக்காதீர்கள். கைபேசியையும் மாற்ற வேண்டாம். மின்னணு ஆவணங்களுக்கு பாரதீய சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி, அவை எப்படி எடுக்கப்பட்டவை என்று உறுதி சொல்லும் சான்றிதழை இணையுங்கள். அவர் தமிழில் அனுப்பிய குரல் செய்திகளை தில்லி ஆணையத்துக்கு மொழிபெயர்த்துத் தர வேண்டியிருக்கும்.

ஒயிட் போர்டு விஷயத்தைச் சிறியதாக நினைக்க வேண்டாம். வாடகைக்கு ஓட்டும் வண்டிக்கு மஞ்சள் போர்டும் பெர்மிட்டும் வேண்டும். பெர்மிட் இல்லாமல் ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டம் 192ஏ பிரிவின் கீழ் முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமும் சிறைத் தண்டனையும் உண்டு. எனக்குப் பதறுவது வேறு காரணத்துக்காக. யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் ஒரு விபத்து நடந்திருந்தால், ‘சொந்த உபயோகத்துக்கான பாலிசியில் வாடகை ஓட்டியிருக்கிறார்கள்’ என்று இன்சூரன்ஸ் கம்பெனி எதிர்வாதம் செய்திருக்கும். இழப்பீட்டுக்காக உங்கள் குடும்பம் வருடக்கணக்கில் அலைந்திருக்கும். நம்பர் தெரியும் அந்தப் படத்தைப் புகாரோடு இணையுங்கள். போக்குவரத்துத் துறைக்கும் தனியாக எழுதுங்கள்.

முழு 16,000-ஐயும் கேட்டால், ‘தாஜையும் கோட்டையையும் பார்த்தார்களே’ என்ற கேள்வி முதல் நாளே வரும். பாதிப் பணம், அலைச்சலுக்கு இருபதாயிரம் போல இழப்பீடு, வழக்குச் செலவு என்று கேட்பது நியாயமாக இருக்கும். முதலில் 15 நாள் கெடு வைத்து நோட்டீஸ். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள்; சிலர் அதிலேயே இறங்கி வருவார்கள். பிறகு நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ருதி இணையதளத்தில் புகார். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. எதிர்த்தரப்பு பதில் தர 30 நாள், மிஞ்சினால் இன்னும் 15 நாள்தான். வழக்குப் போட மொத்தம் இரண்டு வருட அவகாசம் உண்டு.

மேஜைப் பலகையை இந்த வழக்கோடு சேர்க்காதீர்கள். வாங்கியவர் அப்பா, அவர் குடியிருப்பது திருநெல்வேலி. கடைக்காரர் மேல் அவர் அங்கேயே, தமிழிலேயே புகார் கொடுக்கலாம். பில்லில் ‘பளிங்கு’ என்று எழுதியிருக்கிறதா, வெறும் ‘கைவினைப் பொருள்’ என்றிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் வழக்கு கடினம். கல்லை ஆய்வகத்துக்கு அனுப்பும்படி ஆணையத்தைக் கேட்க வேண்டிவரும். பில்லில் திருப்பித் தரக் கெடு எதுவும் இல்லாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதே முறையற்ற வணிகம் என்கிறது சட்டம். மூன்று வாரம் ஓடிவிட்டதால், அப்பா கையெழுத்திட்ட கடிதம் இந்த வாரமே கடைக்கு ஸ்பீடு போஸ்டில் போகட்டும்.