வாசகர் கேள்வி பதில்: எழுதி வைத்தால் போதுமா?

கேள்வி: வாரன் பஃபெட், பில் கேட்ஸ் போன்றோர் சொத்தில் பாதியையாவது தானம் செய்வதாக உறுதிமொழி கொடுத்தார்களே, கொடுக்காவிட்டால் வழக்குப் போடலாமா?
– உயர்தர மாணவி, கல்லடி

பதில்: போட முடியாது. 2010இல் தொடங்கிய அந்த உறுதிமொழி மனச்சாட்சியை மட்டுமே கட்டும். ஆகவே எவ்வளவு சொன்னார்கள் என்பதை விட்டுவிட்டு, பணம் இப்போது யார் கையில் என்று பாருங்கள்.

பெரும்பாலும் அது முதலில் போய்ச் சேருவது கொடுப்பவரே நிறுவிய அறக்கட்டளைக்கு. அமெரிக்கச் சட்டப்படி அந்த அறக்கட்டளை ஆண்டுதோறும் தன் முதலீட்டுச் சொத்தில் ஏறத்தாழ 5 சதவீதத்தைச் செலவிட வேண்டும். முதலீடு அதைவிட வேகமாக வளர்ந்தால், கொடுக்கக் கொடுக்க முதல் பெருகிக்கொண்டே போகும். நிதி நிறுவனங்கள் நடத்தும் 'நன்கொடையாளர் ஆலோசனை நிதி'களுக்கு (பணத்தை இப்போது போட்டுவைத்து, யாருக்குக் கொடுப்பது என்று பின்னர் சொல்லும் கணக்குகள்) அந்த 5 சதவீதக் கட்டாயமும் இல்லை. வரிச்சலுகை உடனே கிடைத்துவிடும். பணம் ஏழையிடம் போய்ச் சேரக் கெடு கிடையாது. இதைப் பெரிய ஓட்டை என்றே சொல்வோம்.

தீர்வையற்ற கடைகளில் சம்பாதித்த சக் ஃபீனி வேறு வழியில் போனார். 1982இல் அறக்கட்டளை தொடங்கி, நெடுங்காலம் பெயரை மறைத்து, சுமார் 800 கோடி டொலரைக் கொடுத்து முடித்தார். 2020இல், அவர் உயிரோடு இருக்கும்போதே, அது மூடப்பட்டது. கேட்ஸும் தன் அறக்கட்டளைக்கு 2045 என்று முடிவு குறித்திருக்கிறார்.

கேள்வி: அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸின் முன்னாள் மனைவி மக்கென்சி ஸ்கொட் நிபந்தனை இல்லாமல் கொடுக்கிறாராமே, அது சரியா?
– மாதர் சங்கச் செயலாளர், அக்கரைப்பற்று

பதில்: சரிதான். பெறும் அமைப்பைப் பற்றிய ஆராய்ச்சி எல்லாம் கொடுப்பதற்கு முன்னரே நடக்கிறது. 'தையல் மெஷினுக்கு மட்டும்' என்று வரும் காசில் சம்பளமும் கரண்ட் பில்லும் கட்ட முடியாது; மெஷின் பூட்டிய அறையில் கிடக்கும்.

கேள்வி: 4 ஏக்கர் வயலின் வருமானத்தை ஊர்ப் பிள்ளைகளின் படிப்புக்கு எழுதிவைக்க அப்பா விரும்புகிறார். எப்படிச் செய்வது?
– வாசகர், மண்டூர்

பதில்: முதலில் காணி எந்த வகை என்று பாருங்கள். அரசு கொடுத்த பேமிட் காணி, அளிப்புக் காணி என்றால் பிரதேச செயலாளரின் எழுத்து அனுமதியை முன்கூட்டியே எடுக்க வேண்டும். அது இல்லாமல் எழுதும் உறுதி செல்லாது.

சொந்த உறுதிக் காணி என்றால் நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளோடு நம்பிக்கைப் பொறுப்பு (டிரஸ்ட்) உறுதி எழுதி, காணிப் பதிவகத்தில் பதியுங்கள். மரணசாசனத்திலும் எழுதலாம். ஆனால் இப்போதே செய்தால் அப்பாவின் கண்முன்னே இரண்டு போகமாவது நடக்கும். எங்கே இடறுகிறது என்று அவருக்கே தெரியவரும்.

உறுதியில் 'பிள்ளைக்கு 5,000 ரூபாய்' என்று எழுதாதீர்கள். 2022இல் ரூபாய் விழுந்த விதம் நினைவிருக்கும். 'நிகர வருமானத்தில் ஐந்தில் நான்கு பங்கு' என்று எழுதி, மிச்சப் பங்கை வெள்ளம் வரும் பெரும்போகத்துக்கும் வாய்க்கால், வரம்பு வேலைக்கும் ஒதுக்குங்கள். குத்தகையையும் நெல்லாகவே பேசுங்கள்.

பொறுப்பாளர் மூவர் போதும், குடும்பத்திலிருந்து ஒருவர்தான். மற்றவர்களைப் பெயரால் குறிக்காமல் 'பாடசாலை அதிபர்' என்று பதவியால் குறியுங்கள். ஆள் இடமாற்றம் பெற்றாலும் பொறுப்பு நிற்கும். வங்கிக் கணக்குக்கு இரண்டு கையொப்பம் வையுங்கள்.

இத்தகைய தர்மம் கசிவது பெரும்பாலும் குத்தகையில்தான்: பொறுப்பாளரின் மைத்துனருக்கு வயல் மலிவாகப் போய்விடும். பொறுப்பாளரின் உறவினருக்குக் குத்தகை இல்லை என்று உறுதியிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.