ஏற்காட்டுச் சரிவுத் தோட்டத்துக்குப் பவர் வீடர் தேவையா?

கேள்வி: ஏற்காட்டில் வீட்டை ஒட்டி 15 சென்ட் நிலம் உள்ளது. அதில் 5 சென்ட் சமதளம். அங்கே பீன்ஸும் கேரட்டும் போட எண்ணியுள்ளேன். மீதிச் சரிவில் காப்பியும் மிளகும் நிற்கின்றன. கொத்துவதற்கு ஆள் கிடைப்பதில்லை. சுழலும் கத்தியால் மண்ணைக் கிளறிக் களையெடுக்கும் பவர் வீடர் இயந்திரம் வாங்கலாமா, மண்வெட்டியே போதுமா?

பதில்: வாங்க வேண்டாம், சமதளத்துக்கு மட்டும் ஒருமுறை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். காப்பிச் செடி உணவெடுக்கும் சல்லி வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் ஓர் அடிக்குள்ளேயே பரவியிருப்பதால், அங்கே சுழலும் கத்தி களையோடு வேரையும் அறுத்துவிடும். பொலபொலவென்று ஆன சரிவு மண்ணோ அடுத்த கனமழையிலேயே கீழே இறங்கிவிடும். ஆகவே சரிவில் களையை அரிவாளால் அறுத்து, அதையே செடியடியில் மூடாக்காகப் போட்டுவிடுவது நல்லது.

சமதளத்தில், நெடுநாள் இறுகிக் கிடக்கும் மண்ணை முதன்முறை உடைக்க இயந்திரம் உதவும். ஓரிரு மணி நேரத்தில் வேலை முடியும். ஆனால் கத்தி அரை அடிக்குக் கீழே இறங்குவது அரிது. கேரட் நேராக இறங்க அதற்கும் கீழே மண் இளகியிருக்க வேண்டும் என்பதால், பாத்தி அமைக்கும் இடங்களில் கடப்பாரையால் ஆழப் பெயர்த்துக் கல் பொறுக்கும் வேலை எப்படியும் மிஞ்சும். ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் இயந்திரம் ஓட்டினால், கத்தி எட்டும் மட்டத்துக்குக் கீழே மண் தட்டாக இறுகி நீர் இறங்காமல் போவதும் உண்டு. கோரை இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்: கத்தி அதன் கிழங்குகளைப் பிரித்து நிலமெங்கும் பரப்பிவிடும். அதைக் களைக்கொத்தால் கிழங்கோடு தோண்டியெடுப்பதே வழி.

விற்பவர்கள் செயல்விளக்கம் காட்டுவது பெரும்பாலும் சமவெளியில், ஏற்கெனவே உழுத மண்ணில்தான். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவதால், பெட்ரோல் இன்ஜின் அங்கே காட்டிய திறனைவிட 10 முதல் 15 விழுக்காடு வரை குறைவாகவே இங்கு இழுக்கும்.

எந்தக் கருவியானாலும், நான்கு விரல் ஆழத்து மண்ணை எடுத்து உள்ளங்கையில் பிடித்துப் பாருங்கள். உருண்டை விரல் பட்டதும் உதிர்ந்தால் வேலையைத் தொடங்கலாம். பிசுபிசுவென்று ஒட்டினால் இரண்டு மூன்று நாள் பொறுங்கள். இயந்திர வாடகைக்குத் தமிழக அரசின் உழவன் செயலியில் வேளாண் பொறியியல் துறையின் சேவையைப் பாருங்கள். ஓட்டுபவர், பாத்தி ஓரத்தில் பின்னோக்கி இயக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.