எலக்ட்ரான் மெதுவாகப் போகட்டும், கம்பியைப் பாருங்கள்

கேள்வி: புது வீட்டில் மெயின் போர்டிலிருந்து மாடி ஏசிக்கு 25 மீட்டர் தூரம். "கரண்ட் கம்பியோட மேல்தோல்லதான் ஓடும், எலக்ட்ரான் வேகமா போக நிறைய இழை வேணும்" என்று சொல்லி, எலக்ட்ரீஷியன் விலை கூடிய ஒரு கம்பியை வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: அந்தக் காரணத்துக்காக வாங்காதீர்கள். 2.5 ஸ்கொயர் எம்.எம். (குறுக்குவெட்டுப் பரப்பு) செம்புக் கம்பியில் 10 ஆம்பியர் டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம், போனால், எலக்ட்ரான் நொடிக்கு அரை மில்லிமீட்டர்கூட நகராது. வீட்டுக்கு வருவதோ நொடிக்கு 50 முறை போய்த் திரும்பும் மின்சாரம். எலக்ட்ரான் இருந்த இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். சுவிட்சைத் தட்டியதும் பாய்வது மின்காந்த அலை. நொடிக்கு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் போகிற அதற்கு 25 மீட்டர் ஒரு தூரமா?

மேல்தோல் சங்கதி பொய்யில்லை, மின்சாரம் எவ்வளவு வேகமாகத் திசை மாறுகிறதோ அவ்வளவு மேற்பரப்பை ஒட்டி ஓடும். ஆனால் உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. 50 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 50 முறை) அந்தத் 'தோல்' செம்பில் சுமார் 9 மில்லிமீட்டர். உங்கள் கம்பியில் செம்பின் மொத்தத் தடிமனே 3 மில்லிமீட்டர் வராது. பல இழைக் கம்பி பைப்புக்குள் வளைந்து போகும், இழுப்பது சுலபம். அதற்காக வாங்குங்கள்.

தோல் நிஜமாகவே முக்கியமாவது டிஷ் கேபிளில். அங்கே அலைவரிசை ஆயிரம் மெகாஹெர்ட்ஸ் அளவு. மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு ஆழத்தில்தான் மின்சாரம் ஓடும். அதனால் உள்ளே இரும்பும் மேலே செம்புப் பூச்சுமாக இருந்தால் ஏமாற்று என்று சண்டைக்குப் போகாதீர்கள். ஆனால் டிஷ்ஷின் தலைக்கு (சிக்னலைப் பிடிக்கும் எல்.என்.பி.) வேண்டிய 13, 18 வோல்ட் டிசியும் அதே கம்பியில்தான் ஏறுகிறது. அதற்குத் தோல் கணக்குக் கிடையாது. கேபிள் ரொம்ப நீளம் என்றால் முழுச் செம்பே நல்லது.

வீட்டு வயரிங்கில் பூச்சு வேலை ஆபத்து. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசி விற்கிறார்கள். ஸ்க்ரூ முடுக்கிய இடத்தில் தளர்ந்து சூடேறும். பிளேடால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரிந்துவிடும். இன்னொன்று, 2.5 என்று அச்சடித்து உள்ளே குறைவாகச் செம்பு வைத்து, பிளாஸ்டிக்கைத் தடிமனாக்குவது. வீடு எரிந்தால் 'மின்கசிவு' என்று ஒரு வரி எழுதிக் கோப்பை மூடுகிறார்களே, எந்தக் கம்பி என்று யார் கேட்கிறார்கள்?

ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஐ.எஸ். 694 (பி.வி.சி. உறை போட்ட கம்பிக்கான இந்தியத் தர எண்) என்று கம்பியிலேயே இருக்க வேண்டும். ஏசிக்கு 4 ஸ்கொயர் எம்.எம். போட்டுவிடுங்கள், சூடு குறையும். கடைக்கு நீங்களே போய் பில்லோடு வாங்குங்கள். சில பெட்டிகளுக்குள் எலக்ட்ரீஷியனுக்கென்று ஒரு கூப்பன் இருக்கும். 'எலக்ட்ரான் வேகம்' பெரும்பாலும் அங்கிருந்துதான் புறப்படுகிறது.