எங்களுக்குப் பிறகு மகனுக்கு மாத வருமானம் கிடைக்குமா?

கேள்வி: அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பணியில் சேர்ந்தது 1988. மகனுக்கு வயது 31. அறிவுசார் குறைபாடு 75% என்று சான்றிதழ் இருக்கிறது. குளிப்பாட்டவும் சோறு போட்டுக் கொடுக்கவும் ஆள் வேண்டும். வீட்டை மகள் பெயருக்கு எழுதிவிட்டு, 20 லட்சத்தை மகன் பெயரில் ஃபிக்ஸட் டெபாசிட் போட்டுவிடலாமா? – வாசகர், திண்டுக்கல்

பதில்: ஐயா, அவசரப்பட்டு இரண்டையும் செய்துவிடாதீர்கள். முதலில் உங்கள் பென்ஷன் கோப்பைப் பார்ப்போம்.

1988-லேயே பணியில் சேர்ந்துவிட்டதால் நீங்கள் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் வருகிறீர்கள். உங்களுக்குப் பிறகு குடும்ப ஓய்வூதியம் உங்கள் மனைவிக்குப் போகும். அவருக்கும் பிறகு, சம்பாதித்துப் பிழைக்க முடியாத நிலையில் உள்ள பிள்ளைக்கு ஆயுள் முழுக்கக் கிடைக்கும். வயது வரம்பு இல்லை. பொதுவாகக் கடைசிச் சம்பளத்தில் 30%, அதற்கு மேல் அகவிலைப்படி. விலைவாசி ஏறும்போது இதுவும் ஏறும். டெபாசிட் வட்டி அப்படி ஏறாது.

பல வீடுகளில் இது எங்கே சிக்குகிறது தெரியுமா? பெற்றோர் இருவரும் போன பிறகு, அக்காவோ அண்ணனோ கருவூலத்தில் போய் நிற்கும்போதுதான். மருத்துவச் சான்று எங்கே, காப்பாளர் ஆணை எங்கே, கோப்பில் இவர் பெயரே இல்லையே என்பார்கள். மகன் பெயரையும் குறைபாட்டு விவரத்தையும் இப்போதே எழுதிக்கொடுத்து, ஒப்புகை வாங்கிவிடுங்கள்.

அப்புறம் காப்பாளர். மகனுக்கு 18 வயது முடிந்துவிட்டதால், அவருக்காகக் கையெழுத்துப் போடும் உரிமை உங்களுக்கே தானாக வராது. அறிவுசார் குறைபாடு போன்றவை உள்ளவர்களுக்கான 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் குழுவிடம் மனுக் கொடுக்க வேண்டும். நியமிக்கப்படுபவர் 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் தர வேண்டும், ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். பணத்தை யாராவது சுருட்டிவிடுவார்களோ என்ற உங்கள் பயத்துக்கு இது ஓரளவு பாதுகாப்பு.

காப்பாளர் இல்லாமல் மகன் பெயரில் 20 லட்சம் போட்டால், நாளை அதை எடுக்க முடியாமல் முடங்கும். இப்போதைக்கு உங்கள் பெயரிலும் மனைவி பெயரிலும் இருக்கட்டும். உயிலில் அந்தத் தொகையை அவருக்கான ஒரு டிரஸ்டுக்கு எழுதுங்கள்; மகளோடு இன்னொருவரும் டிரஸ்டியாக இருக்கட்டும். வீட்டையும் உயிலில் மகளுக்குக் கொடுக்கலாம், மகன் கடைசிவரை அங்கே குடியிருக்கும் உரிமையைத் தெளிவாக எழுதி.

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மாதம் ரூ.2,000 பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தீர்களா? பகலில் மட்டும் ஆள் வைத்தால்கூட இந்தப் பணம் எந்த மூலைக்கு? வயதுவந்தவர்களைப் பராமரிக்கும் செலவை அரசு இன்னும் குடும்பத்தின் தலையிலேயே விட்டிருப்பது எனக்கு மிகுந்த வருத்தம். அதற்காக வருவதை விட்டுவிடாதீர்கள். தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டிலும் மகனைச் சேருங்கள்: ஆண்டுக்கு 1 லட்சம் வரை, முன்கூட்டிய மருத்துவப் பரிசோதனை கிடையாது, தெரபிச் செலவும் அதில் சேரும்.

கடைசியாக, மகளிடம் பேசுங்கள். தம்பியைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா, இல்லை காப்பாளராக மட்டும் இருக்க முடியுமா? இரண்டும் வேறு வேறு பொறுப்பு. முடியாது என்று சொன்னாலும் கோபித்துக்கொள்ளாதீர்கள். இப்போது தெரிந்தால், நல்ல இல்லமாகத் தேடிப் பார்க்க உங்களுக்குக் காலம் இருக்கிறது.