ஏற்காடு மலைப்பாதை பைக் கேம்: எந்த மொழியில் எழுதலாம்?

நீங்கள் கேட்டது: சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளை வைத்து, மேலிருந்து பார்க்கிற மாதிரி ஒரு 2டி பைக் கேம். ஆண்ட்ராய்டு போனில் ஓட வேண்டும், பைத்தான் கொஞ்சம் தெரியும், லேப்டாப்பில் ரேம் 4 ஜிபி.

கேம் எஞ்சினாக (கேம் உருவாக்கும் மென்பொருள்) கோடோ 4 எடுங்கள், அதன் சொந்த மொழியான ஜிடிஸ்கிரிப்டில் எழுதுங்கள். முதலில் எஞ்சினை முடிவு செய்தால் மொழி தானாக அமைந்துவிடும். யூனிட்டி என்றால் சி ஷார்ப், அன்ரியல் என்றால் சி பிளஸ் பிளஸ். இரண்டுமே 4 ஜிபியில் திணறும். பைத்தான் தெரியும் என்பதற்காக, பைத்தானில் கேம் எழுத உதவும் பைகேமில் இறங்காதீர்கள். லேப்டாப்பில் நன்றாக ஓடும், ஆண்ட்ராய்டுக்கு மாற்றும்போது மல்லுக்கட்ட வேண்டிவரும். ஜிடிஸ்கிரிப்டும் பைத்தான் போலவே வரியை உள்தள்ளி எழுதுவதுதான், சீக்கிரம் கை பழகிவிடும்.

புது பிராஜெக்ட் தொடங்கும்போது ரெண்டரராக (படத்தைத் திரையில் வரையும் பகுதி) 'கம்பாட்டிபிலிட்டி'யைத் தேர்ந்தெடுங்கள். அது ஓபன்ஜிஎல் என்ற பழைய கிராபிக்ஸ் முறையில் ஓடும். மற்றவை வல்கன் போன்ற புதிய முறைகளை எதிர்பார்ப்பதால் பழைய லேப்டாப்பில் தகராறு செய்யும்.

எல்லோரும் சறுக்குகிற இடம் வேகக் கணக்கு. பிரேமுக்கு (திரை ஒரு முறை புதுப்பிக்கப்படுவதற்கு) 5 பிக்சல் என்று பைக்கை நகர்த்தினால், 60 ஹெர்ட்ஸ் போனில் நொடிக்கு 300 பிக்சல் போகும், 120 ஹெர்ட்ஸில் அதே பைக் 600 பிக்சல் பறந்து வளைவைத் தாண்டிவிடும். அதனால் பொசிஷனை நீங்களே மாற்றினால் வேகத்தை டெல்டாவால் (முந்தைய பிரேமிலிருந்து கடந்த நேரம், நொடியில்) பெருக்குங்கள். ஆனால் மோதலையும் கவனித்து நகர்த்தும் 'மூவ் அண்ட் ஸ்லைட்' ஃபங்ஷனைப் பயன்படுத்தினால் பெருக்கக் கூடாது, கோடோ 4-இல் அந்த ஃபங்ஷனே டெல்டாவைச் சேர்த்துக்கொள்கிறது. அங்கேயும் பெருக்கினால் நொடிக்கு 300 பிக்சல் என்பது 5 ஆகிவிடும், பைக் ஊர்ந்துகொண்டிருக்கும்.

இன்னொன்று, தமிழ் எழுத்து. கோடோ 3-இல் எழுத்துகளைக் கோத்துக் காட்டும் வசதி கிடையாது. 'கொண்டை ஊசி வளைவு 1/20' என்று பலகை வைத்தால் 'கொ' பிரிந்துபோகும், 'ளை'யில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். நம் ஊர்ப் பாதையைக் காட்டுகிற கேமில் பலகையே பிழையாக இருந்தால் மனசு ஒப்பாது. கோடோ 4 இதைச் சரியாகக் காட்டும். 'நோட்டோ சான்ஸ் தமிழ்' எழுத்துருவை மட்டும் பிராஜெக்ட்டுக்குள்ளேயே வைத்துவிடுங்கள், இல்லையென்றால் சில இடங்களில் வெறும் கட்டங்கள்தான் வரும்.

ஆண்ட்ராய்டுக்கு மாற்ற ஜேடிகே 17 (ஜாவா கருவித்தொகுப்பு), ஆண்ட்ராய்டு எஸ்டிகே (ஆண்ட்ராய்டு கருவித்தொகுப்பு) இரண்டும் வேண்டும். பிளே ஸ்டோருக்கு ஏஏபி கோப்பாக எடுக்க வேண்டும், கணக்குத் தொடங்க ஒரு முறை 25 டாலர். ஆப் உங்களுடையதுதான் என்று டிஜிட்டலாகக் கையெழுத்திடும் கீஸ்டோர் கோப்பை இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள்.

முதல் வளைவையும் அதன் பலகையையும் மட்டும் வரைந்து, இந்த வாரமே போனில் ஏற்றிப் பாருங்கள். பைக் சரியாகத் திரும்பினால் மீதி 19-ஐ வரையலாம்.