பார்மசி சீட்டுக்கு இப்போதே முன்பணம் கட்டலாமா?

பொண்ணு பயாலஜி குரூப்பில் பிளஸ் டூ படிக்கிறாள். ரிசல்ட் வருவதற்குள் 25,000 ரூபாய் கட்டினால்தான் ஆறு வருட பார்ம்.டி. சீட் நிற்கும் என்கிறார்கள் ஒரு கல்லூரியில். கட்டிரலாமுங்களா?
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

அந்தப் பணம் நிர்வாக ஒதுக்கீட்டில் ஓர் இடத்தைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். இயற்பியல், வேதியியல், கூடவே உயிரியல் அல்லது கணிதம் எடுத்துத் தேறினால்தான் சேர்க்கை செல்லும். டிசம்பர் 31க்குள் 17 வயதும் நிரம்ப வேண்டும். நீட் தேவையில்லை.

பணத்தை எடுப்பதற்கு முன் இந்திய மருந்தியல் கவுன்சிலின் இணையதளத்தில் இந்த ஆண்டுக்கான அனுமதிப் பட்டியலைப் பாருங்கள். கல்லூரியின் பெயர் இருந்தால் மட்டும் போதாது, பார்ம்.டி. என்ற படிப்புக்கு நேராக இடங்களின் எண்ணிக்கை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான்கு வருடப் பட்டப் படிப்பான பி.பார்ம்.முக்கு மட்டும் அனுமதி வைத்துக்கொண்டு, 'பார்ம்.டி. வந்துரும்' என்று வாயால் சொல்கிற இடத்தை விட்டு விலகிவிடுங்கள். அனுமதி இல்லாத படிப்பை ஆறு வருடம் படித்தாலும் பார்மசிஸ்டாகப் பதிவு செய்ய முடியாது.

அடுத்தது ரசீது. கல்லூரியின் பெயர், படிப்பு, கல்வியாண்டு, 'கல்விக் கட்டணம்' என்ற சொல், இந்த நான்கும் அதில் இருக்க வேண்டும். டிரஸ்ட் பெயரில் 'நன்கொடை' என்று எழுதித் தந்தால் திரும்பக் கேட்க வழியில்லாமல் போய்விடும். டி.சி., மார்க் ஷீட் ஒரிஜினலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) 2018 அறிவிப்பு. அதே அறிவிப்புப்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால் முழுக் கட்டணமும் திரும்பும். அதில் பிடிக்கலாம் என்றால் 5 சதவீதம் வரைதான், அதுவும் 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அதன்பின் கடைசித் தேதி வரை 90 சதவீதம், தேதி தாண்டி 15 நாள் வரை 80, 30 நாள் வரை 50, அப்புறம் பூஜ்யம். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். போனில் 'வேண்டாங்க' என்பார்கள், ஆபீஸில் 'நேரில் வாங்க, பேசிக்கலாம்' என்பார்கள், தேதி ஓடிவிடும். ஈமெயிலும் பதிவுத் தபாலும் அன்றைக்கே போகட்டும்.

பணம் கட்டினாலும் கட்டாவிட்டாலும், ரிசல்ட் வந்ததும் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழுவுக்கு பி.பார்ம். விண்ணப்பம் போடுங்கள். சென்னை, மதுரை மருத்துவக் கல்லூரி இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே நிரம்புகின்றன.

டி.பார்ம். முடித்துவிட்டு பி.பார்ம். சேர முடியுமா?
- வாசகர், திருச்செங்கோடு

முடியும், இரண்டு வருட டிப்ளமாவான டி.பார்ம். முடித்ததும் நேரே இரண்டாம் ஆண்டில். மொத்தம் ஐந்து வருடம் ஆகும். பிளஸ் டூ மார்க் நன்றாக இருந்தால் இந்தச் சுற்றுவழி வேண்டாம்.

அமெரிக்காவில் பள்ளி முடித்ததுமே பார்ம்.டி. இடத்தை உறுதி செய்கிறார்களாமே?
- வாசகி, பொள்ளாச்சி

சில பல்கலைக்கழகங்களில் உண்மைதான், ஆனால் நிபந்தனையோடு. முதல் இரண்டு வருடம் வேதியியல், உயிரியல், கணிதம் போன்ற அடிப்படைப் பாடங்கள். பல்கலைக்கழகம் சொன்ன சராசரி மதிப்பெண்ணைக் காப்பாற்றினால் அடுத்த நான்கு வருடம் பார்ம்.டி. சராசரி இறங்கினால் அந்த உறுதியும் போய்விடும். அங்கே பார்மசி சேர்க்கைக்கு முன்பு கேட்ட பிகேட் (PCAT) நுழைவுத் தேர்வு 2024இல் நிறுத்தப்பட்டுவிட்டது. அதற்கான கோச்சிங் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இங்கேயே படித்துவிட்டு அங்கே பார்மசிஸ்டாகப் போகும் எண்ணம் இருந்தால், நம் நான்கு வருட பி.பார்ம். மட்டும் போதாது. 2003க்குப் பிறகு பட்டம் பெற்றவர்களுக்கு ஐந்து வருடப் பாடத்திட்டமாவது வேண்டும் என்கிறார்கள். அதற்கு இங்கே ஆறு வருட பார்ம்.டி. ஒத்துவரும்.