லூப் சுற்றுகிறது, ஆப் உறைகிறது: கேள்வி பதில்

மொபைல் ஆப்பில் நீளமாக ஓடும் லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கோட்) பற்றி மட்டும் கேளுங்கள். விளம்பர வருமானம், ஐகான் டிசைன் எல்லாம் எனக்குத் தெரியாத சங்கதி.

புதுப்பயல்: அண்ணா, 40,000 வரி உள்ள சிஎஸ்வி (அட்டவணை) ஃபைலைப் படித்துக் கணக்குப் போடுகிறேன். ஆண்ட்ராய்டு, கோட்லின் மொழி. பட்டனைத் தொட்டதும் திரை அப்படியே நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் ‘ஆப் பதிலளிக்கவில்லை’ என்ற பெட்டி வருகிறது. வியூமாடல் ஸ்கோப்பில் (திரையோடு இணைந்த வேலைகளுக்கான இடம்) லாஞ்ச் (வேலையைத் தொடங்கும் கட்டளை) போட்டுத்தான் எழுதியிருக்கிறேன்.

பதில்: திரையை வரைவது, விரல் பட்டதைக் கவனிப்பது, பட்டனுக்கு நீங்கள் எழுதிய கோடை ஓட்டுவது எல்லாம் ஒரே ஆள்தான், மெயின் த்ரெட் (த்ரெட் என்றால் வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் வரிசை). 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமுக்கு அவனுக்குக் கிடைப்பது 16.7 மில்லி செகண்ட், 120 ஹெர்ட்ஸ் என்றால் அதிலும் பாதி. அவன் தலையில் 40,000 வரியை ஏற்றினால் திரையை யார் பார்ப்பது? தொட்டதற்கு 5 செகண்ட் ஆகியும் பதில் இல்லை என்றால் ஆண்ட்ராய்டே அந்தப் பெட்டியைக் காட்டிவிடும்.

நீங்கள் போட்ட லாஞ்ச் மட்டும் போதாது. வியூமாடல் ஸ்கோப் இயல்பாக ஓடுவதே மெயின் த்ரெட்டில்தான். பலரும் வழுக்கி விழும் இடம் இது. எந்த வேலை எந்த த்ரெட்டில் ஓடும் என்று பிரித்துக்கொடுப்பவர் டிஸ்பேட்சர். வித்கான்டெக்ஸ்ட் போட்டு ஃபைல் படிப்பதை டிஸ்பேட்சர்ஸ் ஐஓவுக்கும், கணக்கை டிஸ்பேட்சர்ஸ் டிஃபால்ட்டுக்கும் அனுப்புங்கள். டிஃபால்ட்டில் சிபியு கோர் எத்தனையோ அத்தனை த்ரெட் (குறைந்தது இரண்டு). ஐஓவில் வழக்கமாக 64 வரை போகும், ஏனென்றால் அங்கே பெரும்பாலும் காத்திருப்புதான் வேலை.

அடுத்தது ரத்து. பயனர் வெளியே போனால் கோரூட்டின் (லாஞ்ச் தொடங்கிய வேலை) தானாக நிற்கும் என்று நம்பாதீர்கள். வெறும் கணக்கு மட்டும் ஓடும் லூப்புக்கு ‘நிறுத்து’ என்று சொன்னது காதிலேயே விழாது. சில நூறு சுற்றுக்கு ஒருமுறை, ரத்தாகிவிட்டதா என்று பார்க்கும் என்ஷ்யூர்ஆக்டிவ் கூப்பிடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம்: புரோகிரஸ் பாருக்கு ஒவ்வொரு சுற்றிலும் செய்தி அனுப்பாதீர்கள். 100 மில்லி செகண்டுக்கு ஒன்று போதும், கண்ணுக்கு அதற்கு மேல் தேவையில்லை.

இரவுக்குருவி: ஃப்ளட்டர் (டார்ட் மொழியில் ஆப் எழுதும் கருவி). ஃபங்ஷனுக்கு அசிங்க் போட்டும் ஆப் அசிங்கமாகத்தான் நிற்கிறது. ஏன்?

பதில்: அசிங்க் என்றால் இன்னொரு த்ரெட் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ! காத்திருக்கும் வேலைக்குத்தான் அது உதவும். நெட்வொர்க்கிலிருந்து பதில் வரும்வரை கையைக் கட்டி நிற்காமல் மற்ற வேலையைப் பார்க்கலாம். கணக்குப் போடும் லூப் காத்திருப்பதில்லை, உழைக்கிறது. திரையைப் பார்க்கும் அதே ஐசோலேட்டில்தான் (டார்ட்டில் தனி நினைவகத்தோடு ஓடும் பகுதி) உழைக்கிறது. டார்ட் 2.19 முதல் வேலையைப் புதிய ஐசோலேட்டில் ஓட்டும் ஐசோலேட் ரன் இருக்கிறது, லூப்பை அதற்குள் கொடுங்கள். பழைய பதிப்பென்றால் கம்ப்யூட். இரண்டு ஐசோலேட்டுகளும் நினைவகத்தைப் பகிர்ந்துகொள்வதில்லை. உள்ளே லிஸ்ட்டை மாற்றிவிட்டு வெளியே மாறவில்லையே என்று தேடாதீர்கள், விடையை ரிட்டர்ன் செய்யுங்கள்.

கண்ணாடிக்காரன்: லூப்புக்குள் 10 மில்லி செகண்ட் ஸ்லீப் வைத்தால் மெயின் த்ரெட்டுக்கு மூச்சு கிடைக்காதா?

பதில்: மெயின் த்ரெட்டில் ஸ்லீப் வைத்தால் தூங்குவதும் மெயின் த்ரெட்தான். 40,000 சுற்றுக்குக் கூடுதலாக 400 செகண்ட் உறைவு.

பழையபெட்டி: என்ன பெரிய டிஸ்பேட்சர், ஐசோலேட்! விஷுவல் பேசிக் மொழியில் லூப்புக்குள் டூஈவென்ட்ஸ் என்று ஒரு வரி. ஃபார்ம் (ஜன்னல்) உறையாது. கதை முடிந்தது.

பதில்: வாங்க ஐயா. கதை முடியவில்லை, அங்கேதான் ஆரம்பம். டூஈவென்ட்ஸ் என்ன செய்யும்? லூப் பாதியில் இருக்கும்போதே வரிசையில் காத்திருக்கும் எல்லா நிகழ்வுகளையும் ஓட்டும். பயனர் அதே பட்டனை மறுபடி தட்டினால்? முதல் லூப்பின் வயிற்றுக்குள் இரண்டாவது லூப் பிறக்கும். அது முடிந்த பிறகுதான் முதலாவது தொடரும், மாறிப்போன டேட்டாவோடு.

பழையபெட்டி: பட்டனை முதலில் டிஸேபிள் செய்வோம், தம்பி. அது தெரியாதா எங்களுக்கு?

பதில்: ஃபார்மை மூடும் பட்டனை? மொபைலில் பேக் செய்வதை? போனைச் சாய்த்தால் ஆக்டிவிட்டியே (ஆப்பின் திரை) புதிதாகப் பிறக்குமே, அதை? எத்தனை வாசலைத்தான் பூட்டுவீர்கள்?

பழையபெட்டி: சரி, த்ரெட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? ஒரே லிஸ்ட்டை இரண்டு த்ரெட் தொட்டுக் குழம்பிய ஆப்களை நான் பார்த்ததில்லையா? ஒரே த்ரெட் என்றால் அந்தத் தலைவலி கிடையாது.

பதில்: அது நியாயம், ஒத்துக்கொள்கிறேன். மெயின் த்ரெட்டிலேயே வேலையைத் துண்டு போடுவதும் நல்ல வழிதான். ஆனால் டூஈவென்ட்ஸ் மாதிரி லூப்பின் நடுவில் கதவைத் திறப்பது அல்ல. கொஞ்சம் செய்து, எங்கே விட்டோம் என்று குறித்துவைத்து, ஃபங்ஷனை விட்டே வெளியேறி, மிச்சத்தை ஹேண்ட்லரில் (மெயின் த்ரெட்டின் வரிசையில் வேலையைச் சேர்ப்பது) போஸ்ட் செய்வது. மேப்பில் 500 மார்க்கர் வைப்பது போல, வியூவை (திரையில் தெரியும் பொருளை) தொட்டே ஆகவேண்டிய வேலைக்கு வேறு வழியும் இல்லை, பின்னணி த்ரெட் அங்கே கை வைக்கக் கூடாது. துண்டை எண்ணிக்கையால் வெட்டாதீர்கள், நேரத்தால் வெட்டுங்கள். 200 சுற்று புதிய போனில் 2 மில்லி செகண்டில் முடியும், பழையதில் 20 ஆகலாம். ‘4 மில்லி செகண்ட் ஆனதும் நிறுத்து’ என்று எழுதினால் இரண்டிலும் ஓடும்.

பழையபெட்டி: இதைத்தான் நானும் சொன்னேன்.

பதில்: இல்லை ஐயா!

தும்பி: சண்டைக்கு நடுவில் ஒன்று. ஆண்ட்ராய்டின் பின்னணி வேலைக் கருவியான அசிங்க்டாஸ்க் பயன்படுத்தலாமா?

பதில்: 2020-ல் ஆண்ட்ராய்டு 11 வந்தபோதே கைவிடச் சொல்லிவிட்டார்கள்.

வெள்ளைப்பூனை: ஃப்ளட்டரில் அசிங்க் போட்டும் உறைகிறது…

பதில்: இரவுக்குருவிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஆப்பிள்விதை: ஐபோன் ஆப், ஸ்விஃப்ட் மொழி. பட்டனுக்குள் டாஸ்க் போட்டேன், ஸ்க்ரோல் நிற்கிறது. இதுவும் அதே கேள்விதானா?

பதில்: பக்கத்து வீட்டுக் கேள்வி. டாஸ்க் எந்த ஆக்டரில் (ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் விடும் காவலன்) எழுதப்பட்டதோ அதையே எடுத்துக்கொள்ளும். வியூவுக்குள் எழுதினால் மெயின் ஆக்டர், அதாவது மெயின் த்ரெட். லூப்பை டிடாச்டு டாஸ்க்கில் (எந்த ஆக்டரோடும் ஒட்டாதது) போட்டு, விடையை மட்டும் மெயினுக்குக் கொண்டுவாருங்கள். புரோகிரஸ் செய்தி ஒவ்வொரு சுற்றுக்கும் வேண்டாம்.

மூன்றாம்பிறை: இரண்டு லிஸ்ட், ஒவ்வொன்றிலும் 10,000 பெயர். பொதுவானவற்றைக் கண்டுபிடிக்க லூப்புக்குள் லூப். பின்னணிக்கு மாற்றியாயிற்று, உறையவில்லை. ஆனால் முடியவே மாட்டேன் என்கிறது.

பதில்: 10 கோடி ஒப்பீடு, முடியுமா? த்ரெட்டை மாற்றினால் வேலை குறையாது, ஒளிந்துகொள்ளும், அவ்வளவே. ஒரு லிஸ்ட்டை ஹேஷ்செட்டில் (ஒரு பெயர் இருக்கிறதா என்று சட்டெனச் சொல்லும் தொகுப்பு) போட்டு, மற்றதை ஒரே லூப்பில் தேடுங்கள். 20,000 படிதான். பின்னணி த்ரெட்டே தேவைப்படாமல் போகலாம். இதே ரகத்தில் இன்னொன்று: எஸ்கியூலைட்டில் (போனுக்குள் இருக்கும் டேட்டாபேஸ்) ஆயிரக்கணக்கில் இன்செர்ட் செய்பவர்கள் எல்லாவற்றையும் ஒரே டிரான்சாக்ஷனுக்குள் (ஒன்றாகச் சேர்த்து எழுதும் தொகுப்பு) போடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு வரியும் தனி டிரான்சாக்ஷன், ஒவ்வொன்றுக்கும் ஸ்டோரேஜில் எழுதி முடியும்வரை காத்திருக்கும்.

நீலக்கல்: அசிங்க் போட்டால்…

பதில்: இரவுக்குருவி.

புதுப்பயல்: அண்ணா, டிஃபால்ட்டுக்கு மாற்றிவிட்டேன். பெட்டி வரவில்லை, நன்றி! ஆனால் ஸ்க்ரோல் மட்டும் இன்னும் திக்குகிறது. புரோகிரஸ் பாரும் லூப் முடிந்த பிறகும் நகர்ந்துகொண்டே இருக்கிறது.

பதில்: எத்தனை சுற்றுக்கு ஒருமுறை செய்தி அனுப்புகிறீர்கள்?

புதுப்பயல்: ஒவ்வொரு வரிக்கும்.